டாக்டரம்மாவின் சம்மட்டி

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பல காலமாக ஒரு சம்மட்டி நின்றுகொண்டிருந்தது. இரும்புத் தலை, கருவேலம் பிடி. பிடியின் நடுப்பாகத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி நாலைந்து சுற்று சுற்றியிருக்கும். சுற்றிய நாளில் அது வெள்ளையாக இருந்தது. பிறகு பழுத்து, காவியேறி, தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டை ஒழிக்கும்போது என் மனைவி அதைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிடுவாள். போகி முடிந்ததும் நான் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைப்பேன். "ஏங்க, திருடன் வந்தா எடுத்து அவன் கையில குடுக்கறதுக்கா இதை வச்சிருக்கீங்க?" என்பாள். அந்தச் சம்மட்டியை ஒரே ஒருமுறை என் கையில் கொடுத்து, "அடிங்க" என்று ஒருவர் சொன்னார். நான் அடிக்கவில்லை. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

நான் பொதுப்பணித்துறையில் இருந்தவன். பதவியின் பெயரை அரசாங்கம் இரண்டு மூன்று முறை மாற்றியது. ஊர்க்காரர்களுக்கு நான் ஓய்வு பெறும்வரை ஓவர்சீயர்தான். நெல் கிடங்குகள், பள்ளிக்கூடங்கள், ஒரு போலீஸ் ஸ்டேஷன், ஒரு தாலுகா ஆபீஸ் என்று தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்ப்பகுதி முழுக்கக் கட்டியிருக்கிறேன். அவற்றில் எதையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதில்லை. திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரி மட்டும் விட்டுப் போகாமல் கூடவே வந்துகொண்டிருக்கிறது. கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஒவ்வொரு நடவுக்கும் அறுப்புக்கும் கூலித் தகராறு, கொடி, ஊர்வலம், போலீஸ் வேன் என்று ஜில்லாவே கொதித்துக்கொண்டிருந்தது. நானும் அப்போது முப்பதைத் தாண்டாதவன்.

அந்த ஊரில் ஆஸ்பத்திரி அப்போது ஒரு வாடகை நெல் கிடங்கில் நடந்துகொண்டிருந்தது. புதுக் கட்டடத்துக்கு இடம் அளக்கப் போன அன்றைக்குத்தான் டாக்டரம்மாவை முதலில் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆயாவும் அட்டெண்டரும் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் தானே பிடித்து இரும்புக் கட்டில் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடுகள் போட்டிருந்தன. நான் வணக்கம் சொன்னேன். "வந்தீங்களா ஓவர்சீயர், அந்தக் காலைப் பிடிங்க" என்றார். புதிய உத்தியோகஸ்தரை வரவேற்கும் முறை அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கட்டிலின் காலைப் பிடித்தேன்.

கட்டில்களை இழுத்து முடித்த பிறகு, டீ வரவழைத்து, எதற்காக இந்த இழுவை என்று விளக்கினார். அவர் பேசியதை வார்த்தை பிசகாமல் நினைவு வைத்திருக்கிறேன். "பங்குனி, சித்திரையில எனக்குப் பிரசவ ஆஸ்பத்திரி வேணும். ஆத்துல புதுத் தண்ணி வந்ததும் வயித்துப்போக்கு ஆஸ்பத்திரி வேணும். ஐப்பசி, கார்த்திகையில காய்ச்சலும் சேத்துப்புண்ணும். தையில அருவாக் காயம், மண்டை ஒடஞ்ச கேஸு. இந்த ஊர்ல நெல்லுக்கு மட்டும் பட்டம் இல்லீங்க, நோய்க்கும் பட்டம் இருக்கு. நீங்க இத்தனை ஆஸ்பத்திரி கட்டித் தருவீங்களா? ஒண்ணுதான் தருவீங்க. அப்ப அந்த ஒண்ணு, மாறணும்."

அந்தக் கிடங்கில் எலியும் வௌவாலும் குடியிருந்தன. மழைக்காலத்தில் ஓடு ஒழுகும். இருந்தாலும் அதில் ஒரே ஒரு நல்ல விஷயம் இருப்பதாக அவர் சொன்னார். உள்ளே சுவர் கிடையாது. கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டுத் தேவைக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்வார்கள். இருப்பது ஒரே ஒரு நர்ஸ். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பினால் எல்லாக் கட்டிலும் தெரியும். "எனக்கு ரெண்டாவது நர்ஸ் போட மாட்டாங்க, அது தெரியும். அதனால நர்ஸு கண்ணை மறைக்காத கட்டடமாக் குடுங்க" என்றார். இதைவிடப் பெரிதாக அவர் எதையும் என்னிடம் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து வந்த வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. ராமநாதபுரத்துப் பொட்டலுக்கும் எங்கள் சேற்றுக்கும் ஒரே மாதிரியான வரைபடம்தான் அனுப்புவார்கள். ஒவ்வொரு அறைக்கும் கனமான சுவர், ஒவ்வொரு அறைக்கும் அச்சடித்த பெயர். அதை மாற்ற வேண்டுமென்றால் மேலே காரணம் எழுத வேண்டும். நோய்க்குப் பட்டம் உண்டு என்று எழுதினால் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆகவே களிமண்ணைப் பிடித்துக்கொண்டேன். இந்த மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும், சுவரின் மேல் கூரையின் பளுவை ஏற்றினால் விரிசல் விடும், ஆகவே கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் பளுவைத் தாங்கட்டும், இடையில் வரும் சுவர்கள் சும்மா மறைப்பாக நின்றால் போதும் என்று எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மைதான். ஆனால் எழுதாமல் விட்டதுதான் காரணம். எங்கள் இலாகாவில் வேலை நடப்பது அப்படித்தான்.

தூணுக்குத் தூண் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு வடிகாலும் கேட்டார் டாக்டரம்மா. எந்த இடம் வேண்டுமானாலும் பிரசவ அறையாகவோ வயிற்றுப்போக்கு வார்டாகவோ ஆக வேண்டுமே! டிவிஷன் ஆபீஸில் பெரியவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கய்யா இத்தனை குழாய்? ஆஸ்பத்திரி கட்டுறியா, கல்யாண மண்டபம் கட்டுறியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். அறைகளுக்குப் பெயர் போடாமல் எண் மட்டும் போட்டிருந்தேன். அதற்காக ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். பெயர்களை எழுதிக் கொடுத்தேன். கதவில் எழுதாமல் விட்டேன்.

நிலம் கொடுத்தவர் உள்ளூர் மிராசுதார். நில உச்சவரம்பைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். போகிற நிலத்தில் ஒரு துண்டு புண்ணியத்துக்குப் போகட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பொது வார்டின் ஒரு கோடியில் தன் தாயார் பெயரில் தனி வார்டு வேண்டும், வெளியிலிருந்து தனி வாசல் வேண்டும், நடுவில் சுவர் வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எதற்காகச் சுவர் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தன் வயலில் நடுகிற பெண் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் தன் வீட்டுப் பெண் படுக்கக் கூடாது. அவ்வளவுதான். நான் எரிச்சலோடு போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கட்டுங்க. ஆனா இடிக்கிற மாதிரி கட்டுங்க" என்றார்.

அதன்படி நாலரை இஞ்சுக் கனத்தில் அரைக்கல் சுவராக, சிமெண்ட் இல்லாமல் மண் சாந்து வைத்து எழுப்பி, மேலே மட்டும் மெல்லிய பூச்சுப் பூசிவிடுவது என்று முடிவு செய்தோம். தேவைப்படும் நாளில் இரண்டு பேர் அரை நாளில் பிரித்துச் செங்கல்லை அடுக்கி வைத்துவிடலாம். கொத்தனார் மேஸ்திரிக்கு இது அவமானமாகப் பட்டது. "விழப்போற சுவரை எந்தக் கையால சார் கட்டுறது?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரம்மாதான் அவரைச் சமாதானப்படுத்தினார். "ஏன் மேஸ்திரி, வாய்க்கால்ல மடை கட்டுறீங்களே, அது நிக்கிறதுக்கா கட்டுறீங்க? தண்ணி வேணும்னா தொறக்கிறதுக்குத்தானே? இது ஆஸ்பத்திரிக்கு மடை." மேஸ்திரியும் சொந்தமாகக் கொஞ்சம் குத்தகை நிலம் வைத்திருந்தவர். மடை என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சுவர் எழும்பி முடிந்த வாரத்தில் டாக்டரம்மா உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லி ஒரு சம்மட்டி செய்து வாங்கி, கையில் கொப்புளம் வராமலிருக்கப் பிடியில் பிளாஸ்திரியைச் சுற்றி, தன் அறைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். யார் கேட்டாலும் "மடைச் சாவி" என்பார்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கெடுத்தவன் நான்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக ஏற்பாடு. முதல் நாள் பிற்பகலில் லாரியில் கல் வந்து இறங்கியது. மெருகேற்றிய கருங்கல், ஆள் மார்பளவு உயரம். திறந்து வைப்பவர், தலைமை வகிப்பவர், முன்னிலை வகிப்பவர்கள், நிலம் ஈந்தவர் என்று மேலிருந்து கீழ்வரை பெயர்கள். வாசலில் நாடாவை வெட்டி உள்ளே நுழைந்ததும் எதிரில் கல் தெரிய வேண்டும், மந்திரி திரையை இழுத்து அதைத் திறக்க வேண்டும் என்பது முறை. முன்பக்கச் சுவரெல்லாம் காற்றுக்காக ஜன்னலும் ஓட்டைக்கல் ஜாலியுமாக வைத்திருந்தேன். வாசலுக்கு நேரே, இடையில் எதுவும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது அந்த ஒரே சுவர்தான். கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து பந்தல்காரனோடும் மின்சார வாரியத்தோடும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. "அங்கேயே வச்சிடுங்க, வேற எடம் இல்ல" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "சார், அது மண் சுவரு. இந்தக் கனத்துக்கு நிக்காது."

"கல்லு வர்ற அளவுக்குப் பிரிச்சிட்டு, சிமெண்டு போட்டு ஒன்பது இஞ்சா எழுப்பிடுங்க."

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"அவங்க பிரசவம் பாத்துட்டு இருக்காங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம்."

மறுநாள் மந்திரி வந்தார். கரைவேட்டிகள் வாசல் கொள்ளாமல் நின்றன. அடுக்குமொழியில் அழகான பேச்சு. திரை விலகியது, கைதட்டினார்கள். டாக்டரம்மா கடைசி வரிசையில் நின்று கல்லைப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டம் கலைந்த பிறகு என் அருகில் வந்து, "என்ன ஓவர்சீயர், மடைக்குப் பூட்டுப் போட்டுட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சோறு வடிக்கும்போது கை சுட்டுக்கொண்டவரிடம் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். "கல்லை மாத்திரம் பேத்து வேற எடத்துல வச்சிடலாம்மா" என்றேன். அன்றைக்கு உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

மந்திரியின் பெயர் பொறித்த கல்லைப் பெயர்க்க உத்தரவு கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு அளவுக்குச் சேர்ந்தன. தாலுகா ஆபீஸ் கலெக்டர் ஆபீஸைக் கேட்கச் சொன்னது. கலெக்டர் ஆபீஸ் எங்கள் இலாகாவைக் கேட்கச் சொன்னது. எங்கள் இலாகா, அந்தக் காகிதத்தின் ஓரத்தில் "பார்க்கவும்" என்று எழுதி எனக்கே அனுப்பியது. இதற்குள் கட்சி இரண்டாக உடைந்தது. மந்திரி பதவியில் இல்லை. இனிமேல் சுலபம் என்று நினைத்தோம். இப்போது எடுத்தால் வேண்டுமென்றே எடுத்ததாக ஆகும், ஊரில் ரகளை வரும் என்றார்கள். கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசுகிற, மந்திரியின் கட்சித் தோழர்கள் வருஷத்துக்கொரு முறை வந்து அந்தக் கல்லுக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்கள். எக்ஸ்ரே மெஷின் வந்தபோது அதற்கொரு கல் அடித்து, அதையும் முதல் கல்லுக்குப் பக்கத்திலேயே சிமெண்ட் போட்டுப் பதித்தார்கள். மொத்தக் கட்டடத்திலும் யாரும் தொட முடியாததாக ஆனது, தொட்டால் விழ வேண்டும் என்று கட்டிய அந்தச் சுவர்தான்.

எக்ஸ்ரே கல் பதித்ததற்கு அடுத்த ஆடியில் அது நடந்தது.

குறுவை நடவுக்குக் கூலி உயர்த்திக் கேட்டு உள்ளூர்த் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. மிராசுதார்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்தவர்களைக் கருங்காலிகள் என்று ஊரே ஏசியது. வாய்க்கால் தண்ணீரைத்தான் இரு தரப்பும் குடித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தபோது அது யார் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பொது வார்டு உள்ளூர்ப் பெண்களால் நிரம்பி, வராந்தாவிலும் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் வெளியூர்ப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாற்று நடும் வயதுதான், இருபத்தைந்துக்குள் இருக்கும். கொண்டுவந்தவர்கள் இறக்கிவிட்டு லாரிக்குப் போய்விட்டார்கள். உடன் இருக்க ஒரு ஆள் இல்லை. "அவளை எங்க பக்கத்துல போடாதீங்க" என்று உள்ளூர்ப் பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை வேண்டாமென்று டாக்டரம்மா மிராசுதாரின் தனி வார்டைத் திறக்கச் செய்து, அங்கே காலியாகக் கிடந்த கட்டிலில் அவளைப் படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். பிறகு இந்தப் பக்கம் வந்து வேலையைப் பார்த்தார்.

நர்ஸ் ஒருவர்தான். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிரில் சுவரும், சுவரில் இரண்டு கற்களும் தெரியும். அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் வாசல் வழியாக இறங்கிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பட்டப்பகலில், எல்லோரும் சாப்பிடுகிற வேளையில், நாலாவது முறை போனபோது ஊசி கழன்று பாட்டில் முழுவதும் தரையில் வடிந்திருந்தது. நான் போட்ட வடிகாலில் அது ஒழுங்காக ஓடிப்போயிருந்தது. அந்தப் பெண் இறந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் கடைசிக் கட்டிலில் இருந்த உள்ளூர்ப் பெண் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னாள்: "தண்ணி தண்ணின்னு யாரோ கூப்பிட்டாங்க. அவதானேன்னு பேசாம படுத்துட்டேங்க."

எனக்கு ஆள் அனுப்பினார்கள். மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அழுத அடையாளம் எதுவும் இல்லை. "நான்தான் அந்தப் பக்கம் போடச் சொன்னேன். அது என் தப்பு. இந்தச் சுவரு உங்க தப்பு. என் தப்பை ஒண்ணும் பண்ண முடியாது, உங்களோடதைச் சரிபண்ணலாம்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து சம்மட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "அடிங்க."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கட்சிக்காரர் இருவர் வந்து கைகட்டி நின்றார்கள். நான் சம்மட்டியைப் பிடித்தபடி அந்தக் கல்லில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தேன். வீட்டில் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். என் சம்பளம்தான் அடுப்பெரித்தது. இந்த நியாயத்தை அன்றைக்கும் சொல்லிக்கொண்டேன், பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்லத் தேய்ந்து போய், இப்போது அதில் ஒன்றுமில்லை. "எழுத்து மூலமா ஒரு உத்தரவு கெடச்சா, இன்னைக்கே..." என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. சம்மட்டியைத் தரையில் வைத்தேன். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா நர்ஸின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, எழுந்து வந்து சுவரின் இடது கோடியில், கற்களை விட்டு நன்றாகத் தள்ளி, கண் மட்டத்தில் விரலால் ஒரு கட்டம் போட்டார். பிறகு சம்மட்டியை எடுத்து அடித்தார். முதல் அடிக்குப் பூச்சு உதிர்ந்தது. மூன்றாவது அடிக்கு ஒரு செங்கல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. "கல்லைத் தொடலை, பாத்துக்கங்க. ஜன்னல் வைக்கிறேன்" என்று கட்சிக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். ஒரு ஆள் தலையும் தோளும் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும் நிறுத்தினார். நர்ஸ் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து ஆறு கட்டிலில் நான்கு தெரிந்தன. அந்த அளவு போதும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

விசாரணை வந்தது. அரசுக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்ததாக அவர் மேல் புகார். என்னிடமிருந்த மூல வரைபடத்தைக் கேட்டு அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன், டிரேசிங் தாளை மேசையில் விரித்து, அந்தச் சுவரின் இடது கோடியில், அவர் உடைத்த அதே அளவில், மையால் ஒரு ஜன்னல் வரைந்தேன். பழைய மையும் புது மையும் ஒன்றுபோல் தெரிவதற்காக டீத்தண்ணீரைத் தொட்டுத் தடவினேன். முன்னாலேயே வந்திருக்க வேண்டிய தைரியம் எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். வரைபடத்தில் ஜன்னல் இருந்ததால் சேதம் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனாலும் கோடியக்கரைப் பக்கம் ஒரு மருந்தகத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். புறப்படுகிற அன்று சம்மட்டியை என்னிடம் கொடுத்தார். "இது உங்க டிபார்ட்மெண்ட் சாமான், நீங்களே வச்சுக்கங்க" என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

சில ஆண்டுகள் கழித்து வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவரைப் பார்த்தேன். உப்பளத்துக்குப் போகிற சாலையோரம், ஒற்றை அறைக் கட்டடம். உப்பில் வேலை செய்து கால் வெடித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. ஒருவரின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டே, நிமிராமல், "ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கும்மா" என்றேன். "அடைச்சிடாமப் பாத்துக்கங்க" என்றார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர் காலமான செய்தி யார் யாரோ சொல்லி, மிகவும் தாமதமாக என்னிடம் வந்து சேர்ந்தது. ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். என்ன எழுதுவது என்று தெரியாமலே இருந்துவிட்டேன்.

போன வருஷம் அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு, பழைய வரைபடம் பற்றி விசாரிக்க ஒரு இன்ஜினீயர் அம்மா வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மடிக்கணினியைத் திறந்து புதுக் கட்டடத்தைக் காட்டினார். "உள்ள ஒரு சுவரு கூட செங்கல் கிடையாது சார். எல்லாம் போர்டுதான். கொரோனா மாதிரி ஏதாவது வந்தா ஒரே நாள்ல கழட்டி மாத்திடலாம்." குழாயும் வடிகாலும் தூணுக்குத் தூண் இருந்தன. டாக்டரம்மாவைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் டீயைக் குடிக்கவில்லை.

இடிக்கிற அன்று போனேன். இயந்திரம் கையை நீட்டி லேசாகத் தள்ளியதும் அந்தச் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. மண் சாந்துச் செங்கல்கள் ஒன்றுகூட உடையாமல் கழன்று விழுந்தன. மேஸ்திரி கை சுத்தமான கை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நடுவில் கற்கள் பதித்த பாகம் மட்டும் தனியாக நின்றது. அது நான் சொல்லிச் சிமெண்டில் எழுப்பிய பாகம். அதைப் பெயர்க்க இயந்திரம் வெகுநேரம் இடிக்க வேண்டியிருந்தது.

போன வாரம் புதுக் கட்டடத்தின் திறப்பு விழா. இன்ஜினீயர் அம்மா போன் செய்து அழைத்திருந்தார். கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டேன். சம்மட்டியைத் துணிப்பையில் போட்டு ஆட்டோவில் எடுத்துப் போயிருந்தேன். இனி அதற்கு வேலை இல்லை, அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வரலாம் என்பது எண்ணம். வாசலில் நுழைந்ததும் எதிரில் கல் தெரிந்தது. புதுக் கல், மேலே பச்சைத் திரை.

நான் நின்றுவிட்டதைப் பார்த்து இன்ஜினீயர் அம்மா வேகமாக வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "முந்தாநாள்தான் சார் கல்லு வந்துச்சு. வாசலுக்கு நேரா தெரியணும்னுட்டாங்க. போர்டு தாங்கலை. அதனால அந்த ஒரு சுவரை மட்டும் முழுக்க ஒன்பது இஞ்சுக்குச் செங்கல் வச்சு... வேற எடம் இல்ல சார்."

கோபம் வர வேண்டும். எனக்கு அதற்கு உரிமை இல்லை. அயர்ச்சிதான் வந்தது. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "கல்லுக்கு அந்தப் பக்கம் என்னம்மா?" என்று கேட்டேன்.

"எட்டு கட்டில் சார்."

"நர்ஸு எங்க உக்காருவாங்க?"

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். காட்டிய பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

பையிலிருந்து சம்மட்டியை எடுத்தேன். அன்றைக்கும் என்னால் அதைத் தூக்கி அடிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. இன்றைக்குக் காரணம் வயது. அவர் குனிந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேளம் ஆரம்பித்தது.

"பிளாஸ்திரி கையில ஒட்டும், பாத்துப் பிடிங்க" என்றேன். "கல்லைத் தொட வேணாம்மா. இந்த நாற்காலியில உக்காந்து பாத்துட்டு, கண்ணு மட்டத்துல அடிங்க."